ஜனவரியில் பிறந்த கெர்னல்

திருத்தங்கலில் எங்கள் பிரஸ்ஸில் லினக்ஸ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வேறு யாருக்கும் தெரியாததால் அன்வருக்கு, அதாவது எனக்கு, நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

காலண்டர் பக்கங்களை அச்சுக்கான பிலிமாக எடுக்கும் மெஷினை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் ஓட்டியது. அதில் நான் செய்து போட்ட கெர்னல்கள் மூன்று. கெர்னல்தான் கம்ப்யூட்டரை எழுப்பி மெஷினோடு பேச வைப்பது. கடைசியாகச் செய்தது மட்டும் ஒழுங்காகப் பேசும். எந்தக் கெர்னலில் எழ வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல நாலு வரிக் கட்டளை, ஒரு ஸ்கிரிப்ட், இருந்தது. புதிதாக ஒன்று செய்தால் அதில் கெர்னலின் எண்ணைக் கையால் மாற்ற வேண்டும். அது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. 2006 செப்டம்பரில், சீசன் உச்சத்தில், அதை நாற்பது வரியாக்கினேன். செய்த தேதியைப் பார்த்து, இருப்பதிலேயே புதியதை அதுவே தேர்ந்தெடுக்கும்.

"இனிமே நான் இல்லேன்னாலும் அதுவே பாத்துக்கிடும் மொதலாளி" என்றேன். தன் வேலைக்குத் தானே வேட்டு வைக்கிறவன் இப்படித்தான் பேசுவான்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் எழுந்தது. பிலிம் மெஷின் அசையவில்லை.

முதலாளி அய்யாதுரை வந்து நின்றார். "பத்து மணிக்கு பிலிம் போகலேன்னா பார்ட்டி வேற பிரஸ்ஸுக்குப் போயிருவாரு. நீயும் உங்க வாப்பா கடையில வத்தல் நிறுக்கப் போயிரலாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பக்கம் அமைக்கும் சுமைராவிடம் பாய்ந்தேன். "யாரு இதத் தொட்டது?"

"நான் தொடலண்ணே. இங்கன பாருங்க, ரெண்டாவது கெர்னலுக்கு அடுத்த வருசத் தேதி போட்டிருக்கு."

2007 ஜனவரி ஒன்று.

ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. அடுத்த வருடத் தினசரிக் காலண்டருக்கு மாதிரி பார்க்க, கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஜனவரிக்குத் தள்ளி வைத்தவன் நான். அதை மறந்துவிட்டு, அன்று மதியமே அந்த இரண்டாவது கெர்னலையும் செய்தேன். உருப்படாத கெர்னல். என் நாற்பது வரிக்கு அதுதான் புத்தம் புதியது.

வெட்கத்தில் கை ஓடவில்லை. சுமைராதான் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, எழும்போது வந்த பட்டியலில் அம்புக்குறியைத் தட்டி மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். மெஷின் உறுமியது. ஒன்பது ஐம்பதுக்கு பிலிம் கிளம்பியது.

நடந்ததை முதலாளியிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, ஊருக்கெல்லாம் தேதி அடிச்சுக் குடுக்கிற கம்பெனியில இருந்துக்கிட்டு, உனக்கு இன்னைக்கு என்ன தேதின்னு தெரியலையே!"

வேலை தப்பியது. ஸ்கிரிப்ட் நாலு வரிக்குத் திரும்பியது. என் மேஜைக்கு மேல் ஒரு தினசரிக் காலண்டரும் வந்தது. தினமும் அதில் தாளைக் கிழித்த பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பது உத்தரவு. கிழிக்கும் பொறுப்பை மட்டும் சுமைராவிடம் கொடுத்திருக்கிறார்.