ஓரத்தில் அடிக்க வேண்டிய மூடி

பக்கத்து வீட்டு ஸெனியா என் கொட்டகைத் தரையில் அட்டையை விரித்து மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தபோது மதியம் ஒரு மணி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. விடியும்போது முப்பத்தெட்டுக்கு இறங்கும் என்று ரேடியோ காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. மூலையில் விறகடுப்பு எரிந்தாலும் சிமெண்டுத் தரை ஐஸாகத்தான் இருந்தது. அறுபத்து நான்கு வயதுக்காரி அதில் படுப்பதைப் பார்த்து எனக்கு முதுகு கூசியது.

ஸெனியா வீட்டுப் பழைய வண்டி போன வாரம் உயிரை விட்டது. அவசரத்துக்கு வாங்கிய இந்த பிக்கப் வண்டி பசிபிக் கரையிலிருந்து வந்தது. அங்கே குளிர்காலம் என்றால் மழை, அவ்வளவுதான். அதனால் இதில் எஞ்சின் ஹீட்டர் கிடையாது. எங்கள் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஹீட்டர் இல்லாத வண்டி ஜனவரியில் வெறும் இரும்பு. ராத்திரி முழுக்க கரண்டில் சொருகி வைத்து எஞ்சினுக்குள் ஓடும் பச்சைத் தண்ணீரான கூலண்டைச் சூடாக்கினால்தான் காலையில் கிளம்பும். டவுனில் இருந்த மெக்கானிக் இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டான். ஆனால் நாளைக் காலை ஏழு மணிக்கு நூற்றிமுப்பது கிலோமீட்டர் தள்ளி மிரோனுக்கு டயாலிசிஸ்.

மிரோன் அவள் கணவன். நாற்பது வருஷம் இந்த வட்டாரத்து டிராக்டர்களையும் அறுவடை இயந்திரங்களையும் பிரித்துப் பூட்டியவன். இப்போது இடது கையில் ஊசிக்கான நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோதுமை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். கனமாக எதையும் தூக்கக் கூடாது. வாய்க்குத் தடையில்லை.

விளக்கைப் பிடிப்பது என் வேலை. ஆயுளெல்லாம் தானியக் கிடங்கில் எடை போட்டவனுக்கு எஞ்சினைப் பற்றி வேறென்ன தெரியும்?

"ஹால்வர், விளக்கு என் மூஞ்சிக்கு வேணாம். எஞ்சினுக்கு வேணும்" என்றாள் அடியிலிருந்து.

கூலண்டை வாளியில் வடித்திருந்தாள். எஞ்சின் பக்கவாட்டில், கிண்ணத்தைக் கவிழ்த்தது போல வட்டமாக ஒரு தகட்டு மூடி இறுக்கமாகப் பதிந்திருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு அந்த ஓட்டையில் ஹீட்டரை வைக்க வேண்டும். மழுங்கிய உளியை அவள் மூடியின் மேல் வைத்தாள்.

"நடுவுல வச்சு ஓங்கிப் போடு" என்றான் மிரோன்.

சுத்தியல் ஏறியது. இறங்கவில்லை. உளியின் முனை மெதுவாக நகர்ந்து மூடியின் கீழ் விளிம்புக்குப் போனதைப் பார்த்தேன். மூன்று தட்டு. மூடி ஒரு பக்கம் உள்ளே போய், மறுபக்கம் வெளியே எட்டிப் பார்த்தது, திறந்த கதவு போல. குறடால் கவ்வி, திருகி, இழுத்தாள். மிச்சமிருந்த பச்சைத் தண்ணீர் குபுக்கென்று அவள் சட்டைக் கைக்குள் பாய்ந்தது. வெளியே வந்து, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

"நடுவுல அடிச்சிருந்தா?"

அவன் அடுப்பைப் பார்த்தான்.

"உள்ள விழுந்திருக்கும்ல? அப்புறம் எவன் எடுக்கிறது? நாப்பது வருஷம் உனக்கு விளக்குப் பிடிச்சவ நான். ஒரு தடவையாச்சும் நீ நடுவுல அடிச்சுப் பாத்திருக்கேனா?"

விறகு வெடித்தது. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"ஒரு நாள் வீட்டுல கிடக்கலாம்னு நெனச்சேன்" என்றான் மிரோன். "அந்த நாற்காலி, அந்த ஊசி, அந்த நாலு மணி நேரம். ஒரே ஒரு நாள், ஸெனியா."

"ஒரு நாள்தானா?"

அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அழுவாள் என்று நினைத்தேன். ஈரச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, உப்புத்தாள் துண்டோடு திரும்ப அடியில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்த வேலையை நான் என்னவென்று சொல்வது? ஓட்டையின் விளிம்பை விரல் நுனியால் தடவித் தடவி, துரு ஒரு பொட்டு இல்லாமல் தேய்த்தாள். ஹீட்டரின் ரப்பர் வளையத்தில் கிரீஸ் பூசினாள். ஹீட்டரின் வளைந்த கம்பி உள்சுவரில் உரசாமல் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு, கையால் மட்டும் பார்த்து, இம்மி இம்மியாகத் திருப்பினாள். பெரோகிக் கொழுக்கட்டையின் ஓரத்தை அழுத்தி மூடுகிற அதே விரல்கள். திருகாணியை இறுக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு வலியை விழுங்கிவிட்டு இவ்வளவு பொறுமையாக வேலை செய்கிற ஆளை என் எழுபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. மிரோனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மூன்றரைக்கு வெளியே வந்தாள். ஹீட்டரின் மின்வயரைச் சூடாகும் குழாய்களில் படாமல் சுற்றி, முன்பக்கம் இழுத்துக் கட்டினாள். பிறகு அதன் முனையை எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த பிளக் பாயிண்டை நோக்கி நடந்தாள்.

"ஏய், சொருகாத" என்றான் மிரோன்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"உள்ள தண்ணி இல்ல. ஒரு நிமிஷத்துல கருகிரும். டவுன் கடையில இருந்தது இது ஒண்ணுதான்."

கூலண்ட் வாளி அவள் காலடியிலேயே இருந்தது. நாற்பது வருஷம் விளக்குப் பிடித்தவளுக்கு அது தெரியாதா? நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

"அப்போ என்ன செய்யட்டும்?" என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

பிறகு கம்பளி கீழே விழுந்தது. மிரோன் எழுந்து, வண்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தான்.

"புனலைக் குடு. வாளியை ஹால்வர் தூக்கட்டும், அதுக்காச்சும் ஆவான்."

நான் தூக்கினேன். அவன் வலது கையால் புனலைப் பிடித்தான். நிரம்பியதும் ரப்பர் குழாயைப் பிசைந்து பிசைந்து உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினான். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. நின்றதும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். அவள் அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

"எவன் மாட்டினான் இதை?" என்றான்.

"ஒரு கிழவி" என்றாள் அவள்.

"பரவால்ல. வேலை தெரிஞ்சிருக்கு."

அவள் சொருகினாள். மூவரும் எஞ்சின் மேல் குனிந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு இரும்புக்குள் எங்கோ ஆழத்தில், கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்கு முன் வருமே, அந்த மெல்லிய சத்தம். மிரோன் ஹீட்டருக்கு மேலே எஞ்சினில் உள்ளங்கையை வைத்தான்.

"சில்லுன்னுதான் இருக்கு."

"நேரம் எடுக்கும்" என்றாள் ஸெனியா.

அவன் கையை எடுக்கவில்லை.