எச்சில் இல்லை

மேலே திரண்ட நுரையைக் கரண்டியால் வழித்தெடுத்துக்கொண்டிருந்தான் லட்சுமணன். விறகை வெளியே இழுத்து அடுப்பின் சூட்டைத் தணித்தான். குமுறிக் கொதித்தால் சூப்பு கலங்கிவிடும். ராயபுரம் பங்களாவில் துரைக்கு எத்தனையோ வருஷமாக வைத்துவரும் சூப்புதான். தன் வீட்டு அடுப்பில் வைப்பது இதுவே முதல் தடவை.

பாயில் அவன் மனைவி தாயம்மா கிடந்தாள். துறைமுகத்தில் கரிக்கூடை சுமந்த உடம்பு பாயோடு பாயாக ஒட்டிப்போயிருந்தது. நேற்றிலிருந்து கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. விடிந்ததும் கண்ணைத் திறந்து, "தொரைக்கு வெக்கிறியே அந்த சூப்பு, ஒரு வாயி குடு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதுவும் வேண்டுமென்று கேட்டதே இல்லை. அவன் பங்களாவுக்கு ஓடினான். துரைசானியிடம் கேட்டு, முந்தின நாள் வறுத்த கோழியின் எலும்புக்கூட்டை வாழையிலையில் கட்டி எடுத்து வந்தான். உடைத்துப் பானையில் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி, வெங்காயமும் நாலு மிளகும் சேர்த்தான்.

தாயம்மாவின் அக்கா கெங்கம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா லச்சுமணா இது? வெள்ளக்காரன் கட்ச்சுப் போட்ட எலும்பா? சாவக் கெடக்கறவளுக்கு எச்சிலயா குடுக்கப்போறே?"

லட்சுமணனின் கை நின்றது. அடுத்தவர் எச்சில் இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பது தாயம்மாவின் சட்டம். கப்பல் வராமல் கூலி நின்ற மாதத்தில்கூட, பங்களாவிலிருந்து அவன் கொண்டுவந்த கேக்குத் துண்டை நாய்க்கு வீசியவள்.

பாயிலிருந்து குரல் வந்தது. "எச்சிலாய்யா?"

அவன் அருகில் போய்க் குந்தினான். "இல்ல தாயி. குசினியில நான்தான் கத்தி போட்டு கறிய அறுத்தேன். மேசைக்குப் போனது கறி மட்டும்தான். எலும்பு குசினியிலயே நின்னுட்ச்சு. இது மிச்சம்மே. ஒருத்தன் வாயி படல."

"சத்தியமா?"

"உம்மேல சத்தியமா."

"எம்மேல ஏன்யா போட்றே? நானே போய்கினு கீறேன். தொரை மேல போடு."

கெங்கம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, தொரை மேல சத்தியமா!"

வெள்ளைத் துணியில் வடிகட்டி டம்ளரில் ஊற்றினான். டம்ளரின் அடி பளிச்சென்று தெரிந்தது. அதைக் கெங்கம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினான். "பாரு அக்கா. மொகம் பாக்கலாம்."

தாயம்மாவைத் தன் மார்பில் சாய்த்து ஊட்டினான். முதல் வாய் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. அவள் கண்ணை மூடி நாக்கைச் சப்பினாள்.

"ஜோராத்தான் கீது. உப்புதான் கம்மி."

"இன்னாது? தொரை ஒரு நாளும் அப்டி சொன்னதில்ல!"

"அவனுக்கு இன்னா தெரியும்?"

அவன் சிரித்துக்கொண்டே அவளைத் தலையணையில் சாய்த்துவிட்டு உப்புச் சட்டியிடம் போனான். ரெண்டு கல் எடுத்துத் திரும்புவதற்குள், "ஐயோ, தாயீ" என்று கெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு பாயின் மேல் விழுந்தாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். யாரோ அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். புகை எழும்பியது. லட்சுமணன் நின்ற இடத்திலேயே நின்றான். விரலிடுக்கில் உப்பு வியர்வையில் கரையத் தொடங்கியிருந்தது.

பிறகு குனிந்து, தாயம்மா குடித்து மிச்சம் வைத்த டம்ளரில் அந்த உப்பைப் போட்டான். விரலாலேயே கலக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்தான்.

சரியாக இருந்தது.