பட்டறையில் சொல்லாத சொல்

எங்கள் பட்டறையில் ஒரு சொல்லை யாரும் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை. சண்டை முற்றினால் ‘போகட்டும்’ என்போம், அலுத்துவிட்டால் ‘போதும்’ என்போம். ‘விடு’ என்றால் அது எனக்கு மட்டுமான கட்டளை. நான் கயிற்றை விட வேண்டும்.

கயிற்றின் மறுமுனையில் ராங்கியின் வலக்கை. ராங்கி, மரத்தையும் சைக்கிள் செயினையும் வைத்து நாங்கள் மூன்று பேரும் செய்த சிலை. இரண்டு ஆள் உயரம். யாரைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அதனால் அந்தப் பெயர். மேடையில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நான் சக்கரம் சுற்றுவேன். தலை திரும்பும், இமை மூடும், கை மெல்ல மேலே ஏறும். கீழே முக்காலியில் என் தங்கை உட்கார்ந்திருப்பாள். அவள் உருண்டு விலகியதும் திரையோரம் நிற்கும் அவள் புருஷன் ‘விடு’ என்று குரல் கொடுப்பார். கை விழும், முக்காலி நொறுங்கும், கூட்டம் அலறும். எனக்கு ராங்கியின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. மாப்பிள்ளைதான் எனக்குக் கண்.

அன்று காலையிலிருந்து அவர்கள் இருவருக்கும் பேச்சில்லை. உப்புப் பெறாத விஷயம். தங்கை தீட்டிய ராங்கியின் கண்களை அவர் கேட்காமல் அழித்து வேறு மாதிரி வரைந்துவிட்டார்.

“இப்ப என்னையே முறைக்கிறா அக்கா,” என்றாள் தங்கை.

எனக்கும் அந்தப் பார்வை பிடிக்கவில்லை. இன்று ஆட்டம் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனாலும் திரை விலகியதும் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன்.

கை உச்சிக்கு ஏறியது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. செயின் சத்தத்தின் நடுவே தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது கேட்டது.

“இனிமே எல்லாத்தையும் நீங்களே செஞ்சுக்குங்க.”

ஏழு வருடத்தில் அவள் ஆட்டத்தின் நடுவே வாய் திறந்ததே இல்லை. பிடியை இறுக்கினேன்.

மாப்பிள்ளையின் குரல் தணிந்து வந்தது. “சரி, என் தப்புதான். விடு.”

என் மனசுக்கு எட்டும் முன்னே கைக்கு எட்டிவிட்டது.

முக்காலி உடையும் சத்தம் எனக்கு மனப்பாடம். அன்று கேட்டது வேறு சத்தம். கூட்டம் எப்போதும்போல் கைதட்டியது.

மாப்பிள்ளை ஓடிவந்து என் வெறுங்கையைப் பார்த்தார்.

“ஏன்க்கா விட்டீங்க?”

“நீங்கதானே சொன்னீங்க.”

“அவகிட்டதான் சொன்னேன்,” என்றார்.