புளி போட்டுத் துலக்கிய கடிகாரம்

யாரோ ஒருத்தி புளி போட்டுத் துலக்கியிருக்கிறாள். குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி, மூலை மூலையாக.

பழனியாத்தாளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடிகாரத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பித்தளைச் சட்டத்தின் பொன்முலாம் போய்ச் செம்பட்டையாக இளித்தது. மேல்கண்ணாடிக்கு அடியில் இடமும் வலமுமாய் ஆடவேண்டிய சின்னச் சக்கரம் நீர்த்துளியோடு ஒட்டிக் கிடந்தது. பின்பக்கம் சாவி நுழையும் துளைகள் இரண்டு, முள் ஓட ஒன்று, மணி அடிக்க ஒன்று. இரண்டிலும் சந்தனம் அடைத்திருந்தது.

"டவுன்ல ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னீங்க?"

"குடுக்கத்தான் போனேன்," என்றான் பாலுசாமி. "வழியில போத்தனூர்ல..."

போத்தனூரில் அவன் வைத்திருக்கும் இன்னொருத்தியின் வீட்டைப் பற்றி இத்தனை வருடத்தில் கணவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. ஊருக்கே தெரிந்ததை அவள் பேசாமலிருப்பது தனக்குக் காட்டும் மரியாதை என்று எண்ணியிருந்தான்.

"ஆயுத பூசைன்னு ஆசையா கழுவிப்போட்டா. பித்தளதானேன்னு."

"பொட்டு வேற வெச்சிருக்காங்க. உங்களுக்கு வெக்கலீங்களா?"

சுதந்திரம் வந்த கையோடு ஊருக்குக் கிளம்பிய வால்பாறைத் துரை ஒருவரிடம் மாமனார் வாங்கிய பிரெஞ்சுக் கடிகாரம் அது. பிரயாணத்துக்கென்றே செய்தது. பெண்டுலம் கிடையாது. சுருள்வில்லின் விசையில், வண்டி எவ்வளவு குலுங்கினாலும் ஓடும். தலையிலுள்ள பொத்தானை அமுக்கினால் கடைசியாக அடித்த மணியைத் திரும்ப அடித்துக் காட்டும். கண் மங்கிய பின் கிழவருக்குப் பொழுது அந்தப் பொத்தானில்தான் விடிந்தது. வாராவாரம் சாவி கொடுப்பதை மகனை நம்பாமல் மருமகளிடம் விட்டிருந்தார். இந்த வீட்டில் அவளை நம்பிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

"வந்ததும் நீ கழுவிப்போட்டேன்னு அப்பாகிட்டச் சொல்லீரு. உன்னைய ஒண்ணும் சொல்லமாட்டாரு. நான்னு தெரிஞ்சா தோட்டத்தத் தம்பி பேருக்கு எழுதிப்போடுவாரு."

போத்தனூர்க்காரி மேல் கோபம் வர மறுத்தது. தண்ணீர் படக்கூடாது என்றுகூடச் சொல்லாமல் கொடுத்திருக்கிறான். ஆசை அங்கே, அதன் பழி மட்டும் இங்கே.

உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "கடியாரம் வந்துருச்சா கண்ணு?"

"சொல்லிப்போடு அம்மணி," என்று பாலுசாமி கிசுகிசுத்தான். அம்மணி என்று அவன் அவளைக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

"வந்துருச்சுங்க மாமா. உங்க மகன் கொண்டாராருங்க."

கடிகாரத்தை அவன் கைகளில் வைத்தாள்.

"நான் சொல்லமாட்டனுங்க," என்றாள் மெதுவாக.

அவன் அதை நெஞ்சில் படாமல் எட்டப் பிடித்தபடி நின்றான். சாவித் துளையிலிருந்து பழுப்பு நீர் ஒரு கோடாக இறங்கி, வெள்ளைச் சட்டையின் கைக்குள் நுழைந்தது.