மைனஸ் இருபத்தைந்தில் ஒரு மணி நேரம்

1981இல் நான் குவீன்ஸ்டவுனில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஜாக்கெட்டுகளுக்கு லேபல் தைத்துக்கொண்டிருந்தேன். பனிமலை ஏறுகிற வெள்ளைக்காரர்களுக்கான ஜாக்கெட். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. லேபலில் ஒரு மலைப் படம், கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி: மைனஸ் இருபத்தைந்து டிகிரியில் ஒரு மணி நேரம் தாங்கும், நனைந்தாலும் சூடு குறையாது, சோதித்துப் பார்த்தது. ஒரு நாளைக்கு நானூறு தைப்பேன். சோதித்தது யார் என்று கேட்டதே இல்லை. எங்கேயோ மலை, எவனோ ஏறுகிறான், எனக்கென்ன என்று இருந்தேன்.

அந்த வருடம் ஒரு ஏற்றுமதி ஆர்டர் ரத்தானது. மிஞ்சிய ஜாக்கெட்டுகளைத் தஞ்சோங் பகாரில் ஒரு மீன் குளிர்கிடங்கு வாங்கிக்கொண்டது. என் கணவர் இஞ்ஞாசி அங்கேதான் உறைந்த இறால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்து, புது மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்றார்.

"இனிமே இருபது நிமிஷம் உள்ள, பத்து நிமிஷம் வெளியங்கிறது கிடையாது பிரிஜட். லேபலப் பாத்துட்டு மேனேஜர் ரூல மாத்திட்டார். ஒரேயடியா ஒரு மணி நேரம் உள்ள."

குளிர் முற்றினால் நடுக்கம் நின்று உடம்பு கொதிக்கிற மாதிரி தோன்றும், அதுதான் ஆபத்து என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். வெயிலில் லாரியிலிருந்து பெட்டி இறக்கிவிட்டு, வேர்வை சொட்டச் சொட்ட அப்படியே உள்ளே போகிறவர்கள் அவர்கள். ஜாக்கெட்டின் உட்புறத்தைத் தொட்டேன். பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து பஞ்சு வைத்த வெட்டுத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, நனைத்து, ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் திணித்தேன். காலையில் அது பலகையாகி இருந்தது. மேசையில் தட்டிக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"ஆள் இல்லாத துணி விறைக்கத்தான் செய்யும். நம்ம உடம்புச் சூட்டத்தான் அது பிடிச்சு வைக்குது லா."

"உடம்புல சூடு தீந்துட்டா எதப் பிடிச்சு வைக்கும்?"

"நீ தைக்கிறத நீயே நம்ப மாட்டேங்கிற," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். எனக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வீட்டுக்குக் கிளம்பும்போது எங்கள் சூப்பர்வைசர் சுந்தரத்தை மடக்கினேன்.

"சார், இத எங்க வச்சு டெஸ்ட் பண்ணாங்க?"

"இங்கதான். பாஸ் ரூம்ல ஏர்கான ஃபுல்லா வச்சு, ஜாக்கெட்டப் போட்டு பாஸையே ஒரு மணி நேரம் உட்கார வச்சோம். மனுஷன் தூங்கியே போயிட்டார் லா."

"அப்ப மைனஸ் இருபத்தஞ்சு?"

"அது பஞ்சு அனுப்புன கம்பெனி பேப்பர்ல இருந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஓங்கி ஒன்று விடலாம் போல் இருந்தது. விடாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

கிடங்கின் பெரிய இரும்புக் கதவுக்கு வெளியே ஃபோர்மேன் கோவிந்தசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் கடிகாரம்.

"அண்ணே, அவர வெளிய கூப்பிடுங்க."

"நாப்பது நிமிஷம்தாம்மா ஆச்சு. இன்னும் இருபது இருக்கு. இன்னைக்கு ரெண்டு பேர் காய்ச்சல்னு வரல. காலைலேருந்து இஞ்ஞாசி ஒருத்தன்தான் மாத்தி மாத்திப் போறான். இது நாலாவது தடவ."

"அந்த லேபல் பொய்ண்ணே. தைச்சவ நான் சொல்றேன். குளிர்ல யாரும் சோதிக்கவே இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொய்யின்னா தைக்கும்போதே சொல்லியிருக்கணும்மா."

கதவைத் தட்டினேன். அவ்வளவு தடித்த கதவு, என் கைதான் வலித்தது. கோவிந்தசாமி எழுந்து வருவதற்குள் பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி இழுத்தேன். கதவு திறந்தது. வெள்ளைப் புகை என் காலைச் சுற்றிக்கொண்டு வெளியேறியது.

இறால் பெட்டிகளுக்கு நடுவே அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். சட்டையில் வேர்வை வெள்ளையாக உறைந்திருந்தது. உடம்பில் நடுக்கமே இல்லை. ஜாக்கெட்டைக் கழற்றி அழகாக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். நாக்கு குழறியது.

"லேபல் உண்மைதான் பிரிஜட். சூடு தாங்கல. அதான் கழட்டிட்டேன்."