சேச்சிக்கு மட்டும்

...கையில் மெஷின் இன்னும் தேடுகிறது, திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சுற்றட்டும், விழிஞ்ஞம் ஹார்பரின் ஏலக் கொட்டகையில் நின்று மழையைப் பார்ப்பதைத் தவிர லிபிக்கு மட்டும் இப்போது வேறென்ன வேலை... மழையா அது, பத்து வள்ளத்துக்கு அப்பால் கடலே இல்லை, வெள்ளையாய் ஒரு சுவர். இருபத்துமூன்று வள்ளம் கரையேறிவிட்டது. இருபத்துநான்காவது அவள் தம்பி லிஜோவுடையது, கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று விடியுமுன் தனியாகப் போனவன். ஃபிஷரீஸ் ஆபீஸ் கொடுத்த மெஷினில் வள்ளத்துக்கு ஒரு வரி, என்ன மீன், எத்தனை பெட்டி, எல்லா வரியும் நிறைந்தால்தான் பட்டியல் போகும். தம்பியின் வரியை ஒன்பது மணியிலிருந்து தொடாமல் வைத்திருந்து, பதினொன்றுக்கு, வேறு வழியில்லாமல், 'வரவில்லை' என்று தட்டி அனுப்பினாள். தட்டிய விரலை வெட்டிப் போடலாமா என்றிருந்தது. ரோந்துப் படகுக்காரர்களிடமும் சொல்லியாயிற்று, மழை கொஞ்சம் விடட்டும் என்கிறார்கள்... மழைக்கு என்ன அவசரம்?

அனுப்பினால் போதுமா, போக வேண்டாமா? செங்கல் கனம் கனக்கிற இந்த மெஷின் கீழே விழுந்தாலும் உடையாது, உப்புத்தண்ணீரில் நனைந்தாலும் சாகாது, ஆனால் தானாக ஒரு சொல் வெளியே சொல்லத் தெரியாது, பக்கத்தில் ஒரு போன் வேண்டும். அவள் போனுக்கு ஹார்பரில் சிக்னல் கிடையாது, லிஜோ போனுக்கு உண்டு. முதல் நாள் அவன்தான் ஹாட்ஸ்பாட் போட்டு, 'சேச்சிக்கு மட்டும்' என்று அதற்குப் பெயரும் வைத்து, இரண்டையும் இணைத்துவிட்டான். வயரில்லை, ஒரு நூல்கூட இல்லை, அயிலை மீன் கணக்கு காற்றில் ஏறி ஆபீசில் போய் இறங்கிவிட்டதாமே... நம்ப மாட்டாமல் போனுக்கும் மெஷினுக்கும் நடுவே கையை நீட்டித் தடவிப் பார்த்தாள், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கூப்பிடு தூரத்துக்குள் இருந்தால்தான் பிடிக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து ஹாட்ஸ்பாட்டை அணைப்பதே இல்லை, எத்தனை திட்டினாலும். நேற்றுகூட...

"லேய், அத அணைச்சிட்டுப் போ. சார்ஜ் தீந்தா நடுக்கடல்ல என்ன செய்வ?"

"கிடக்கட்டு சேச்சி. அணைச்சா திரும்பப் போட மறந்துருவேன், பிறகு உன் மெஷின் பட்டினி கிடக்கும்."

உள்ளங்கையில் மெஷின் அதிர்ந்தது. வட்டம் நின்றுவிட்டது. 'சேச்சிக்கு மட்டும்', இணைந்தது... அனுப்பப்பட்டது. லிபி நிமிர்ந்து பார்த்தாள், வள்ளம் இல்லை, என்ஜின் சத்தம் இல்லை, அதே வெள்ளைச் சுவர். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்துவிட்டதே, கர்த்தாவே, அந்தச் சுவருக்குள் எங்கோ இருந்துகொண்டு இந்தச் செங்கல்லைத் தொட்டுவிட்டானே... 'வரவில்லை' என்று அவள் எழுதியது அவன் போனில் ஏறித்தானே போயிருக்கிறது, தான் வரவில்லை என்ற செய்தியைத் தானே சுமந்துபோய்க் கொடுத்திருக்கிறான், இதைச் சொன்னால் எப்படிச் சிரிப்பான்... திருத்த வேண்டுமா என்று மெஷின் கேட்டது. விரலைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். வந்திருப்பது போன். நனையாமலிருக்க அதை அவன் வைப்பது வள்ளத்துப் பெட்டியில். வள்ளத்தில் அவன்... கூப்பிடு தூரம்தான், பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டால் தெரிந்துவிடும். அவள் இன்னும் கூப்பிடவில்லை.