கூட்ட நேரத்தில் மட்டும்

தள்ளுபடி விற்பனை தொடங்கிய அன்று பெயிண்டரின் மனைவி ஒரே சமயத்தில் மூன்று இடங்களில் நின்று வேலை பார்த்தாள். அந்தப் பெரிய கடையில் கூட்டத்தைச் சமாளிக்க அந்த வருடம்தான் புதிய ஏற்பாடு வந்திருந்தது. எந்த மூலையில் நெரிசல் என்று கூரையிலிருக்கும் கேமராக்கள் கண்டுபிடிக்கும். வேலையாட்களின் மணிக்கட்டில் கட்டிய பட்டை அதிரும். அதிர்ந்தால் அந்த இடத்துக்குப் போய்விட வேண்டும். அவளுடைய பட்டை பில் கவுண்டருக்கும், செருப்புப் பிரிவுக்கும், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் மேஜைக்கும் சேர்ந்தாற்போல அழைத்தது. முடியாது என்று சொல்லிப் பழகாதவள் மூன்றுக்கும் போனாள். வரிசைகள் மளமளவென்று நகர்ந்தன. மேனேஜர் மாடிப்படியில் நின்று பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டார், பிறகு டீ குடிக்கப் போனார்.

முதல் வருடம், கடை மூடியதும் மூவரும் உடை மாற்றும் அறைக்குள் போய் ஒருத்தியாக வெளியே வந்தார்கள். இரண்டாம் வருடம் கடையை மூடுவதையே நிறுத்திவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கும் மேஜைக்கு மட்டும் இரவில் வேலையில்லை என்பதால் அந்த மேஜைக்காரி மட்டும் வீட்டுக்கு வந்தாள். நாளெல்லாம் ஊரார் கோபத்தைக் கேட்டவளிடம் அசதிதான் மிச்சம். சிரிப்பு பில் கவுண்டரிலும் கனிவு செருப்புப் பிரிவிலும் தங்கிவிட்டன. பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் தானே நிறுத்திக்கொள்ள மகள் பழகினாள்.

பெயிண்டர் மேனேஜரிடம் போனான். "சார், மத்த ரெண்டு பேரையும் அனுப்பி வைங்க. வீட்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

மேனேஜர் கெட்டவர் இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். "நீங்களே பாருங்க. மூணு பேருக்கும் ஒரே கைரேகை. கம்ப்யூட்டர்ல ஒரு ஆள்தாங்க. அந்த ஆளும் தினம் வீட்டுக்குப் போயிடுது. நான் யாரை அனுப்புறது?"

திரும்பும் வழியில் ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு மனைவியின் வரிசையில் நின்றான். கல்யாணமான புதிதில் சிரித்த அதே சிரிப்பு, ஒரு குறையுமில்லாமல், அவன்மேல் விழுந்தது. "பை வேணுமா சார்?" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமே என்று, வேண்டும் என்றான். பையைக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்றவரைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தாள்.

பிறகு மகளையும் அழைத்துப் போனான். செருப்புப் பிரிவில் அம்மா மண்டியிட்டு, மகளின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "கடிக்குதா கண்ணு?" என்று கேட்டாள். கடிக்காத செருப்பையெல்லாம் கடிக்கிறது என்றாள் மகள். வேறு வேறு ஜோடிகள் வந்தன. பட்டை அதிர்ந்ததும், பாதத்தை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு அம்மா எழுந்து போனாள்.

"அவங்களுக்கு என்னைத் தெரியலப்பா."

"தெரியாமலா கண்ணுன்னு கூப்பிட்டாங்க?" என்றான். எல்லாப் பிள்ளைகளையும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள் என்பது இருவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

நான்காம் வருடம் திருப்பிக் கொடுக்கும் மேஜையும் இரவு பகலாக நடக்கத் தொடங்கியது. ஒரு காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, வீட்டிலிருந்தவளின் பட்டை அதிர்ந்தது. பாதிப் பின்னலை மகள் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தாள். பெயிண்டர் வாசலை மறித்து நின்றான்.

"நீயாவது இரேன்."

"கூட்டமாம்," என்றாள். அவனைத் தள்ளவில்லை, திட்டவில்லை. அவன் விலகும்வரை நின்றாள். அவன் விலகினான்.

இப்போது விடுமுறை நாட்களில் அப்பனும் மகளும் கடைக்குப் போகிறார்கள். ஆரம்பத்தில், நின்று நாலு வார்த்தை பேசலாம் என்று கூட்டமில்லாத மதிய வேளையாகப் பார்த்துப் போனார்கள். ஆனால் கூட்டமில்லாவிட்டால் அவளுடைய கவுண்டரைத் திறப்பதே இல்லை. அந்த நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்பது மேனேஜருக்கும் தெரியாது. அதனால் நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது போய், அவளுடைய வரிசைகளில் இருப்பதிலேயே நீளமானதில் நிற்கிறார்கள். அவசரமாக வருகிறவர்களை முன்னால் விட்டுவிட்டு, மறுபடியும் கடைசிக்குப் போய் நின்றுகொள்கிறார்கள்.